படகு மோட்டாரின் காலைக் குறைக்கலாமா?
நெடுந்தண்டு மோட்டாரைக் குறுந்தண்டாக மாற்றும் முறையும் கவனிக்க வேண்டியவையும்

கொள்ளிடத்தின் கடைமடைப் பகுதியில் ஆற்றுப் படுகைகளிலும் திட்டுகளிலும் பயிர் செய்யும் விவசாயிகளுக்கு ஏரைப் போலவே படகும் ஒரு வேளாண் கருவி ஆகும். விதையும் உரமும் போவது படகில்தான். கத்தரி, வெண்டை, மல்லிகை ஆகியவை கரையேறிச் சந்தைக்கு வருவதும் படகில்தான். நடவுக்கும் பறிப்புக்கும் வரும் பெண்கள் ஆற்றைக் கடப்பதும் அதே படகில்தான். கழி ஊன்றியும் துடுப்புப் போட்டும் வந்த இடங்களில் இப்பொழுது சிலர் பழைய வெளிப்பொருத்து மோட்டார்களை வாங்கிப் படகின் பின்புறம் மாட்டி வருகின்றனர்.

இம்மோட்டார்களில் பல கடலில் உழைத்து ஓய்ந்தவை. கடற்படகின் பின்புறம் உயரமாக இருக்கும். ஆகவே அதற்கென வாங்கப்படும் மோட்டாரின் காலும் நீளமாக இருக்கும். ஆற்றுப் படகோ தட்டையானது, பின்புறம் தாழ்ந்தது. நீண்ட காலுள்ள மோட்டாரை இதில் மாட்டினால் கால் மணலில் இடிக்கிறது, படகு இழுவையாக ஓடுகிறது, எண்ணெய்ச் செலவு கூடுகிறது. 'காலைக் குறைத்துவிட்டால் என்ன?' என்ற எண்ணம் அப்பொழுதுதான் எழுகிறது.

குறைக்க முடியும். ஆனால் எல்லா மோட்டாரிலும் முடியாது. முடிகிற மோட்டாரிலும் அதுதான் சிறந்த வழி என்று சொல்ல முடியாது. இதனை விவசாயிகள் தாமே முடிவு செய்துகொள்வதற்கு வேண்டிய விவரங்கள் இக்கட்டுரையில் தரப்படுகின்றன.

ஒரு விவசாயியின் அனுபவம்

கத்தரி வயல் ஒன்றைப் பார்வையிடுவதற்காக நான் திட்டு ஒன்றிற்குச் சென்றபோது, கரையில் மோட்டார் ஒன்று பிரித்துப் போடப்பட்டிருந்தது. அதன் உள்ளே இருக்கும் இயக்கத் தண்டு இரண்டாக முறிந்து கிடந்தது. படகுக்குச் சொந்தக்காரரான விவசாயி, "அஞ்சு அங்குலந்தானே சார், வெட்டி ஒட்டிட்டாப் போச்சுன்னு நெனச்சேன்" என்றார். பட்டறை ஒன்றில் தண்டின் நடுவே 5 அங்குலத்தை அறுத்து எடுத்துவிட்டு, இரு முனைகளையும் வெல்டிங் செய்திருக்கிறார்கள். பத்து நாள் ஓடியது. பதினோராம் நாள் பறிப்புக்கு வந்த ஆறு பெண்களுடன் நடு ஆற்றில் வரும்போது தண்டு முறிந்துவிட்டது. மோட்டார் சீறியது, படகு நகரவில்லை. நல்லவேளையாக நீரோட்டம் குறைவாக இருந்த காலம். கழி ஊன்றிக் கரை சேர்ந்தார்கள். வெள்ளக் காலமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அவர் செய்த வேலையில் எண்ணம் தவறல்ல; முறைதான் தவறு. எங்கே தவறியது என்பதை அறிய மோட்டாரின் காலைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும்.

கால் நீளம் என்பது என்ன?

வெளிப்பொருத்து மோட்டாரில் மூன்று பகுதிகள் உண்டு. மேலே எஞ்சின், கீழே புரொப்பல்லரைச் சுழற்றும் கியர் பெட்டி, இவ்விரண்டையும் இணைக்கும் கால். காலின் உள்ளே எஞ்சினின் சுழற்சியைக் கியர் பெட்டிக்குக் கொண்டு செல்லும் இயக்கத் தண்டும், கியர் மாற்றும் தண்டும், எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் மேலேறும் குழாயும் இருக்கின்றன. புகையும் இதன் வழியாகவே கீழிறங்கி நீருக்குள் வெளியேறுகிறது.

புரொப்பல்லருக்குச் சற்று மேலே கிடைமட்டமாக ஒரு தகடு நீட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். மேலிருந்து காற்று புரொப்பல்லருக்கு இறங்காமல் தடுப்பது இத்தகடு. இதனைக் காற்றுத்தடைத் தகடு எனலாம். படகின் பின்பலகை மீது உட்காரும் கிளாம்பின் உட்புற வளைவிலிருந்து இத்தகடு வரை உள்ள தூரமே கால் நீளம் ஆகும்.

பொதுவாக வழக்கில் உள்ள அளவுகள்:

குறுந்தண்டு - 15 அங்குலம் (சுமார் 38 செ.மீ.)
நெடுந்தண்டு - 20 அங்குலம் (சுமார் 51 செ.மீ.)
மிக நெடுந்தண்டு - 25 அங்குலம் (சுமார் 64 செ.மீ.)

ஒவ்வொன்றுக்கும் இடையே உள்ள வேறுபாடு 5 அங்குலம், அதாவது சுமார் 13 செ.மீ. பழைய மோட்டார்களில் இவ்வளவு சற்று முன்பின்னாக இருக்கலாம். விற்பவர் சொல்லைக் கேட்டு வாங்காமல் நாடா கொண்டு அளந்து பார்ப்பதே நல்லது.

முதலில் படகை அளக்க வேண்டும்

படகைச் சமமான தரையில் நிறுத்தி, பின்பலகையின் நடுவில், மேல் விளிம்பிலிருந்து படகின் அடிமட்டம் வரை நேர் செங்குத்தாக அளக்க வேண்டும். மோட்டாரை மாட்டி ஓட்டும்போது காற்றுத்தடைத் தகடு படகின் அடிமட்டத்திற்குச் சமமாகவோ, அல்லது அதற்குக் கீழே ஓர் அங்குலத்திற்குள்ளோ இருப்பது சரியான நிலை.

ஓர் எடுத்துக்காட்டு: பின்பலகை உயரம் 37 செ.மீ. உள்ள படகில் நெடுந்தண்டு மோட்டாரை மாட்டினால் தகடு அடிமட்டத்திற்கு 14 செ.மீ. கீழே இறங்கிவிடும். குறுந்தண்டாக இருந்தால் 1 செ.மீ. மட்டுமே கீழே இருக்கும். ஏறத்தாழ 13 செ.மீ. தேவையில்லாமல் நீருக்குள் இழுபடுகிறது என்று பொருள். கோடையில் முழங்கால் அளவு நீர் ஓடும் துறைகளில் இந்த அளவே புரொப்பல்லர் தப்புவதற்கும் உடைவதற்கும் உள்ள வேறுபாடு.

இதற்கு மாறாகக் கால் குட்டையாகிவிட்டால் கேடு அதிகம். புரொப்பல்லர் காற்றை இழுத்து வெறுமனே சுழலும். எஞ்சின் அளவுக்கு மீறி ஓடும். குளிர்விக்கும் நீரை உறிஞ்சும் துளைகள் நீர்மட்டத்திற்கு வந்துவிட்டால் எஞ்சின் சூடேறிப் பிடித்துக்கொள்ளும்.

மோட்டாரைக் குறைப்பதா, பலகையை உயர்த்துவதா?

தகடு சரியான இடத்திற்கு வர இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, மோட்டாரின் காலை 5 அங்குலம் குறைப்பது. மற்றொன்று, படகின் பின்பலகையை 5 அங்குலம் உயர்த்துவது. நீருக்குள் இறங்கும் ஆழம் இரண்டிலும் ஒன்றேதான். புரொப்பல்லர் மணலில் இடிக்காமலிருக்கக் காலைக் குறைத்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. பலர் இதைக் கவனிப்பதில்லை.

பலகையை உயர்த்துவதில் மேலும் ஒரு நன்மை உண்டு. தாழ்ந்த பின்பலகை என்பது படகுக்குள் நீர் நுழையத் திறந்து வைத்த வாசல். மோட்டாரின் எடை, ஓட்டுபவரின் எடை இரண்டும் பின்புறத்திலேயே இருப்பதால் படகு அங்கே தாழ்ந்துதான் மிதக்கும். வேகத்தைத் திடீரெனக் குறைத்தால் படகு கிளப்பிய அலையே பின்னாலிருந்து வந்து உள்ளே ஏறும். பலகை முழுவதையும், இரு ஓரங்களிலும் இடைவெளி இல்லாமல், 5 அங்குலம் உயர்த்திவிட்டால் அந்த வாசல் அந்த அளவுக்கு அடைபடுகிறது. 2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் கொள்ளிடத்தில் பெருவெள்ளம் வந்து திட்டுக் கிராமங்களைச் சூழ்ந்ததை இப்பகுதி விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய நாளில் 5 அங்குலம் சிறிய அளவல்ல.

மரப்படகானால் படகு கட்டும் ஆசாரியைக் கொண்டு இவ்வேலையைச் செய்துகொள்ளலாம். மேலே ஒரு கட்டையை வைத்து ஆணி அடித்துவிட்டால் போதாது. உயர்த்தும் பலகை பழைய பலகையின் மீது அடிவரை இறங்கி, துரு ஏறாத போல்ட்டுகளால் ஊடே முடுக்கப்பட வேண்டும். மோட்டார் தள்ளும் விசை முழுவதையும் தாங்குவது இப்பலகைதான். பழைய பலகை உளுத்திருந்தால் முதலில் அதை மாற்ற வேண்டும்.

மூன்றாவது வழியும் ஒன்று உண்டு. நெடுந்தண்டு மோட்டார் கடற்படகுக்காரருக்குத் தேவைப்படும். அவரிடம் குறுந்தண்டு மோட்டார் இருந்தால் மாற்றிக்கொள்வதே இருவருக்கும் செலவில்லாத வழி.

காலைக் குறைப்பது எப்பொழுது பொருந்தும்?

பலகையை உயர்த்த இடமில்லாத பைபர் படகுக்கும், ஒரே மோட்டாரைப் பல தாழ்ந்த படகுகளில் மாற்றி மாற்றி மாட்ட வேண்டிய நிலையிலும் காலைக் குறைப்பது பொருந்தும். ஆனால் அதற்கு முன் ஒரு சோதனை செய்ய வேண்டும். வழக்கமாக ஏற்றும் முழுச் சுமையையும் ஆட்களையும், பின்புறம் மோட்டாரையும் ஏற்றி, ஓட்டமில்லாத நீரில் படகை நிறுத்தி, நீர்மட்டத்திலிருந்து பின்பலகையின் மேல் விளிம்பு வரை அளக்க வேண்டும். அது ஒரு சாணுக்குக் குறைவாக இருக்குமானால் தாழ்ந்த பலகையுடன் அப்படகை மோட்டாரில் ஓட்டுவதையே விட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து. சுமையைக் குறைக்க வேண்டும், அல்லது பலகையை உயர்த்த வேண்டும்.

மோட்டார் எந்த வகை?

வெளிப்பொருத்து மோட்டார்களை அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 1909இல் ஓலே எவின்ரூட் என்பவர் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அவர் பெயராலேயே வந்த எவின்ரூட் மோட்டார்களிலும், ஜான்சன் மோட்டார்களிலும், சிறிய குதிரைசக்தி உள்ள பழைய வகைகள் பலவற்றில் நெடுந்தண்டு என்பது குறுந்தண்டு மோட்டாரின் காலுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே 5 அங்குல இடைத்துண்டு ஒன்றைச் செருகிச் செய்யப்பட்டதாகும். கியர் பெட்டிக்கு மேலே 5 அங்குல இடைவெளியில் இரண்டு பொருத்துக் கோடுகள் தெரிந்தால் இடைத்துண்டு இருக்கிறது என்று கொள்ளலாம். இவ்வகையைக் குறுந்தண்டாக மாற்றுவது எளிது.

வேறு பல மோட்டார்களில் இடைத்துண்டு இராது. காலின் உறையே நீளமாக ஒரே வார்ப்பாக இருக்கும். இவற்றில் உறை முழுவதையும் மாற்ற வேண்டும். எஞ்சினையும் கழற்ற வேண்டும். பழைய மோட்டாருக்கு இச்செலவு பெரும்பாலும் கட்டுப்படியாகாது. உறையை அறுத்து ஒட்டுவதை நினைக்கவே கூடாது.

தேவையான பாகங்கள்

இடைத்துண்டு உள்ள மோட்டாருக்குக் கீழ்க்கண்டவை வேண்டும்.

1. குறுகிய இயக்கத் தண்டு
2. குறுகிய கியர் தண்டு
3. குறுகிய நீர்க்குழாய் (சில வகைகளில் நீட்டிப்புத் துண்டை எடுத்துவிட்டால் போதும்)
4. குறுகிய போல்ட்டுகள்
5. புதிய இம்பெல்லர், கேஸ்கட், ரப்பர் வளையங்கள்

சில வகைகளில் புகைக் குழாய்க்கும் உள்ளே ஒரு நீட்டிப்பு இருக்கும். அதையும் எடுத்தாக வேண்டும்.

பாகங்கள் அதே மாடலுக்கும் அதே தயாரிப்பு ஆண்டுகளுக்கும் உரியவையாக இருக்க வேண்டும். குதிரைசக்தி ஒன்றாக இருப்பதால் மட்டும் தண்டு பொருந்திவிடாது. முனையில் வெட்டியுள்ள பற்களின் எண்ணிக்கையும், தண்டின் கனமும் ஒத்திருக்க வேண்டும். எவின்ரூட் மோட்டார்களின் தயாரிப்பு 2020இல் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆகவே குறுந்தண்டுப் பாகங்களைப் பெரும்பாலும் பயனற்றுப் போன குறுந்தண்டு மோட்டாரிலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கும். எல்லாப் பாகங்களும் கைக்கு வருமுன் மோட்டாரைப் பிரிக்கக் கூடாது.

தண்டை ஏன் வெட்டி ஒட்டக் கூடாது?

இயக்கத் தண்டு சாதாரண இரும்புக் கம்பி அல்ல. முறுக்கு விசையைத் தாங்குவதற்கெனத் தேர்ந்த எஃகில் செய்து, வெப்பமூட்டிப் பதப்படுத்தியது. வெல்டிங் சூட்டில் அப்பதம் ஒட்டின் இருபுறமும் கெட்டுவிடுகிறது. ஒட்டிய தண்டு மயிரிழை அளவு கோணினாலும் சுழலும் ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடம் வளைந்து நிமிர்கிறது. நிமிடத்திற்குச் சில ஆயிரம் சுற்றுகள் சுழலும் தண்டு எத்தனை நாள் தாங்கும்? மேற்சொன்ன விவசாயியின் தண்டு பதினோராம் நாள் முறிந்தது இதனால்தான். முறியும் இடம் கரையா, நடு ஆறா என்பதை நாம் தீர்மானிக்க முடியாது.

மாற்றும் முறை

1. மோட்டாரை உறுதியான மரத்தாங்கியில் நிறுத்தி, எண்ணெய்க் குழாயையும் பிளக்கின் கம்பிகளையும் கழற்றிவிட வேண்டும். புரொப்பல்லரைக் கையால் சுற்றும்போது எஞ்சின் தவறிக் கிளம்பினால் விரல் போய்விடும்.

2. கியர் தண்டின் இணைப்பைப் பிரிக்க வேண்டும். பல பழைய வகைகளில் காலின் பக்கவாட்டில் உள்ள சிறு மூடியைத் திறந்தால் இணைப்புத் தெரியும்.

3. கியர் பெட்டியைத் தாங்கும் போல்ட்டுகளைக் கழற்ற வேண்டும். உப்பு நீரில் ஓடிய மோட்டாரில் இவை இறுகியிருக்கும். துரு இளக்கும் எண்ணெயை முதல் நாளே விட்டு, மறுநாள் சிறிது சூடு காட்டி, மெல்லத் தட்டிக் கழற்ற வேண்டும். முரட்டுத்தனமாகத் திருகினால் போல்ட் தலை உடைந்து உள்ளே நின்றுவிடும். ஒரு போல்ட் புரொப்பல்லருக்கு மேலுள்ள சிறு துடுப்பின் அடியில் மறைந்திருக்கக் கூடும்.

4. கியர் பெட்டியை நேராகக் கீழே இறக்க வேண்டும். பொருத்து முகத்தில் திருப்புளியை விட்டு நெம்பக் கூடாது. இடைத்துண்டையும் நீண்ட நீர்க்குழாயையும் எடுத்துவிட வேண்டும்.

5. நீர்ப் பம்பைப் பிரித்து நீண்ட தண்டை வெளியே எடுக்க வேண்டும். சிறிய மோட்டார்கள் பலவற்றில் தண்டு மேல்நோக்கி உருவிக்கொண்டு வந்துவிடும். கியர் பெட்டிக்குள் நட்டு போட்டுத் தண்டைப் பிடித்திருக்கும் வகையானால் அங்கேயே நிறுத்தி, பழகிய மெக்கானிக்கிடம் கொடுக்க வேண்டும்.

6. குறுகிய தண்டைச் செருகி, புதிய இம்பெல்லரைச் சாவியுடன் பொருத்த வேண்டும். பம்பின் மூடியை இறக்கும்போது, தண்டை மேலிருந்து பார்க்கையில் கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றிக்கொண்டே இறக்கினால் ரப்பர் இதழ்கள் சரியான பக்கம் மடியும்.

7. தண்டின் பற்களின் பக்கங்களில் மட்டும் கிரீஸ் தடவ வேண்டும். தண்டின் உச்சியில் தடவினால் கிரீஸ் மேலே அடைபட்டு, தண்டு முழுவதும் உள்ளே போகாமல் தடுக்கும்.

8. கியர் பெட்டியை நேராகத் தூக்கி, நீர்க்குழாய் அதன் ரப்பர் வளையத்திலும், தண்டின் பற்கள் எஞ்சினிலும் பொருந்துமாறு செய்ய வேண்டும். பற்கள் பொருந்தாவிட்டால் மேலே உள்ள சக்கரத்தைக் கடிகார முள் திசையில் சிறிது சுற்றினால் பொருந்திவிடும். இரு முகங்களும் கையாலேயே ஒன்றோடொன்று சேர வேண்டும். இடைவெளி இருக்கும்போது போல்ட்டை முடுக்கி இழுத்தால் தண்டு எஞ்சினைக் கீழிருந்து முட்டிக் கெடுத்துவிடும். பொருந்தாமல் நின்றால் தண்டின் நீளம் சரியல்ல என்று பொருள்.

9. குறுகிய போல்ட்டுகளைச் சீராக முடுக்கி, கியர் தண்டை இணைத்து, முன் ஓட்டம், நடுநிலை, பின் ஓட்டம் மூன்றும் சரியாக விழுகின்றனவா என்று புரொப்பல்லரைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும்.

10. கியர் எண்ணெயைக் கீழ்த் துளை வழியாக, மேல் துளையில் வழியும் வரை ஏற்ற வேண்டும். முதலில் மேல் திருகாணியையும் பிறகு கீழ்த் திருகாணியையும் மூட வேண்டும்.

ஆற்றில் இறக்குமுன்

பெரிய பீப்பாயில் காற்றுத்தடைத் தகடு மூழ்கும் அளவுக்கு நீர் நிரப்பி மோட்டாரை ஓட்டிப் பார்க்க வேண்டும். நீரில்லாமல் ஒரு நொடியும் ஓட்டக் கூடாது; புதிய இம்பெல்லர் கருகிவிடும். குளிர்விக்கும் நீர் பின்புறத் துளையில் பீய்ச்சி வர வேண்டும். அத்துளை இல்லாத பழைய வகையானால், புகையுடன் நீர்த்துளிகள் வருகின்றனவா என்று பார்த்து, எஞ்சின் தலை கைபொறுக்கும் சூட்டில் இருக்கிறதா என்றும் கவனிக்க வேண்டும்.

பிறகு கரையோரமாக, ஆட்களை ஏற்றாமல், சுமைக்கு மணல் மூட்டைகளை வைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். திரும்பும்போது எஞ்சின் சீறினால் கால் சற்றுக் குட்டை என்று பொருள். கழற்றிய நீண்ட பாகங்களையும் இடைத்துண்டையும் எறிந்துவிடாமல் எண்ணெய் தடவிச் சாக்கில் கட்டி வைக்க வேண்டும். மோட்டாரை விற்க நேர்ந்தால் அவையும் விலை பெறும்.

எந்த மோட்டாரும் ஒரு நாள் நிற்கும். இரண்டு துடுப்புகள், ஒரு நீண்ட கழி, கயிற்றுடன் நங்கூரம், ஆளுக்கொரு உயிர்காப்புச் சட்டை ஆகியவை எப்பொழுதும் படகில் இருக்க வேண்டும். மோட்டாரைப் படகுடன் சங்கிலியால் பிணைத்து வைக்க வேண்டும். இயந்திரம் பொருத்திய படகுகளின் பதிவும் பாதுகாப்பும் குறித்து 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் உள்ளது. ஆட்களை ஏற்றுவோர் தம் படகுக்கு எது பொருந்தும் என்பதைக் கேட்டறிந்து நடப்பது நல்லது.

சுருக்கமாக

படகை அளந்து, மோட்டாரை அளந்து, பிறகு முடிவு செய்ய வேண்டும். உயர்த்தக் கூடிய பலகையானால் பலகையை உயர்த்துவதே முதல் வழி. இடைத்துண்டு உள்ள மோட்டாரும், அதற்குரிய குறுகிய பாகங்களும், சுமையேற்றிய பின்னும் ஒரு சாணுக்குக் குறையாத பலகை உயரமும் இருந்தால் மட்டுமே காலைக் குறைக்கலாம். தண்டை வெட்டி ஒட்டுவது எந்நிலையிலும் கூடாது. நம் விளைச்சலும், நம்மை நம்பிப் படகேறும் உழைப்பாளர்களும் பத்திரமாகக் கரை சேர வேண்டுமென்பதை மனத்திற்கொண்டு விவசாயிகள் இவ்வேலையில் இறங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.